நெவர்மைண்ட் 30ஆம் ஆண்டு இசைத்தட்டு: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு 30 வயது நிறைந்ததையொட்டி மறுபடி அச்சிட்ட இசைத்தட்டு, செல்லூரில் என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கேட்க வருவார்கள். வருகிறவர்கள் கேட்பதும், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் போனில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன ஆல்பம்? ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்று ஒரு ஊர். மரம் வெட்டுவதும் அறுப்பதும்தான் அந்தக் காலத்தில் அங்கே பிழைப்பு. அந்த ஊரில் பாடகர் கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிச்சும் 1987ல் தொடங்கிய குழு இது. டிரம்ஸ் வாசிக்கும் டேவ் க்ரோல் 1990ல் வந்து சேர்ந்தார். 1989ல் வந்த முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 606 டாலர்தான். இரண்டாவது ஆல்பமான நெவர்மைண்ட் 1991 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. கம்பெனிக்கே பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது 46,000 சொச்சம் பிரதிகள். நாலு மாதத்துக்குள், 1992 ஜனவரியில், மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கோபேன் 1994 ஏப்ரலில், 27 வயதில் இறந்துபோனார்.

விற்பனைக் கணக்கை விடுங்கள். சரணத்தை முனகுவதுபோல் பாடிக்கொண்டு வந்து, பல்லவியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் இடிப்பது இந்தத் தட்டு முழுக்க வரும். நான் கல்லூரியில் படிக்கும்போது நண்பன் கொடுத்த கேசட்டில் முதல் தடவை கேட்டேன். ஆங்கில வரிகளில் பாதி புரியவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒருவன் திடீரென்று கத்திவிட்டான் என்பது புரிந்தது. எனக்கும் அப்போது கத்த வேண்டியிருந்தது.

குழுவின் பெயர் நிர்வாணா, அட்டையில் உடுப்பில்லாத குழந்தை. வீட்டில் என்ன சொல்வது?

தமிழ்க் காதுக்கு இது வரத்தான் செய்யும். நமக்கு நிர்வாணம் என்றால் முதலில் உடை இல்லாத நிலை. பௌத்தத்தில் அது ஆசையும் துன்பமும் அணைந்துபோன விடுதலை. அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பொருளை.

அட்டையில் நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் ஒரு கைக்குழந்தை. எதிரே தூண்டில் முள்ளில் மாட்டிய ஒரு டாலர் நோட்டு. அட்டையைக் கையில் வாங்கிய என் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மூச்சு முட்டாதாடா?" என்று கேட்டார். காசைக் காட்டி இழுப்பது பற்றித்தான் படம் என்று நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. "பொறந்த உடனே காசைக் காட்டுறாய்ங்க பாரு" என்று அவரே சொன்னார்.

அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகி, தன் படத்தை இப்படிப் பயன்படுத்தியதற்காக 2021ல் வழக்குத் தொடுத்தார். அந்த வருத்தத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் அட்டையைச் சுவரில் மாட்டாமல் அலமாரிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

30 ஆண்டு என்றால் 2021. தட்டு ஏன் அடுத்த வருஷம் வந்தது?

சிடி 2021 நவம்பரில் வந்துவிட்டது, தட்டு 2022ல்தான் வந்தது. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்கத் தட்டு அச்சிடும் ஆலைகளில் வரிசை நீண்டு கிடந்தது. கொரோனாவில் வீட்டுக்குள் உட்கார்ந்தவர்கள் தட்டு வாங்க ஆரம்பித்தார்கள், ஆலைகளோ கொஞ்சம்தான்.

இன்னொரு அடியும் விழுந்திருந்தது. தட்டு செய்ய முதலில் லாக்கர் பூசிய ஒரு அலுமினியத் தகட்டில் பாட்டை வரியாக, அதாவது ஊசி ஓடும் பள்ளமாக, வெட்ட வேண்டும். அதன்மேல் வெள்ளியும் நிக்கலும் ஏற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சு இரண்டுக்கு நடுவே சூடான பிவிசியை வைத்து அழுத்தினால் தட்டு. அந்த லாக்கர் தகட்டைச் செய்துகொண்டிருந்த பெரிய ஆலைகள் உலகத்திலேயே இரண்டுதான், ஒன்று கலிஃபோர்னியாவில், இன்னொன்று ஜப்பானில். கலிஃபோர்னியா ஆலை 2020 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்துபோனது.

எத்தனை வகை வந்திருக்கிறது? எதை வாங்குவது?

தட்டில் இரண்டு வகை. ஒன்று, ஆல்பம் மட்டும் ஒரு பெரிய தட்டாகவும், கூடவே 7 அங்குலச் சின்னத் தட்டு ஒன்றும். இன்னொன்று 8 பெரிய தட்டும் அதே சின்னத் தட்டும் உள்ள பெட்டி. பெட்டியில் கூடுதலாக இருப்பவை நான்கு கச்சேரிகளின் பதிவு: ஆம்ஸ்டர்டாம், கலிஃபோர்னியாவின் டெல் மார், மெல்போர்ன், டோக்கியோ. எல்லாம் 1991 நவம்பரிலிருந்து 1992 பிப்ரவரிக்குள் நடந்தவை, அதாவது குழு திடீரென்று பெரிதாகிக்கொண்டிருந்த அந்த மூன்று மாதம்.

ஒற்றைத் தட்டை வாங்குங்கள். பெட்டி விலைக்கு ஒற்றைத் தட்டு, தட்டைச் சுழற்றும் ஒழுங்கான ஒரு டர்ன்டேபிள், கூடவே ஒரு ஜோடி ஸ்பீக்கர் மூன்றையும் பார்த்துவிடலாம். பெட்டி வாங்கிய நண்பர் ஒருவர் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியை இரண்டு தடவை போட்டிருக்கிறார், மீதி மூன்றையும் இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. கச்சேரிப் பதிவுகள் மோசம் என்று சொல்லவில்லை. ஒரே பாட்டுகளை நாலு ஊரில் எப்படி வாசித்தார்கள் என்று கேட்க உண்மையிலேயே ஆசை இருப்பவர்களுக்கு அது பொக்கிஷம். மற்றவர்களுக்கு அது பீரோவில் இடம் அடைக்கும்.

20ஆம் ஆண்டுப் பதிப்பு என்னிடம் இருக்கிறது. இதையும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 2011ல் வந்த பெரிய பெட்டியில், தயாரிப்பாளர் புட்ச் விக் முதலில் செய்து கைவிடப்பட்ட மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து சேர்த்த வடிவம், இருந்தது. அது இந்த 30ஆம் ஆண்டில் இல்லை. அதை வைத்திருப்பவர் விற்றுவிட்டு இதை வாங்கினால் பின்னால் வருத்தப்படுவார்.

புது ரீமாஸ்டர் எப்படி இருக்கிறது?

ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியை மறுபடி சீர்செய்வது. மூல அரை அங்குல ஸ்டீரியோ நாடாவிலிருந்து 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் டிஜிட்டலாக மாற்றிப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். நாடாவிலிருந்து நேராகத் தட்டுக்கு வெட்டினால்தான் தட்டு என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. 2011 ரீமாஸ்டர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தைக் குறைத்துவிட்டதாகப் பலர் குறைபட்டார்கள். என் காதுக்கு இந்தத் தட்டில் அந்தக் குறை தெரியவில்லை. டிரம்ஸ் அடி விழுந்ததும் அந்த அறையின் எதிரொலி கொஞ்சம் நின்று போகிறது. கலிஃபோர்னியாவில் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவின் பெரிய அறையில் 1991 மே, ஜூனில் பதிவு செய்தது அது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மிக்ஸ் செய்த ஆண்டி வாலஸ் போட்ட பளபளப்பு கோபேனுக்கே பிற்பாடு பிடிக்காமல் போனது. எந்த ரீமாஸ்டர் வந்தாலும் அந்தப் பளபளப்பு போகாது. கரடுமுரடாக வேண்டுமென்றால் இவர்களுடைய அடுத்த ஆல்பத்தைக் கேளுங்கள்.

போனிலேயே ஓசியில் கேட்கலாமே, அப்புறம் எதற்குத் தட்டு?

எல்லாரும் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வி. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முப்பது வருஷம் மைக்செட் நடத்திய மாமா ஒருவர் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். அந்தக் காலத்தில் அவரோடு மாட்டு வண்டியில் ஆம்ப்ளிஃபையரும் பிளேட்டுப் பெட்டியும் போகும். தட்டு, ரெக்கார்டு என்றெல்லாம் சொல்ல மாட்டார், பிளேட்டு என்றுதான் சொல்வார். ஊசி என்று நாம் சொல்வது அவருக்கு முள்.

புதுத் தட்டு வந்திருப்பது தெரிந்து பார்க்க வந்தார். உறையிலிருந்து எடுத்தபோது அவர் விரல் ஒன்றுகூட வரியில் படவில்லை. ஓரம் உள்ளங்கையில், நடுவிரல் லேபிளில். தூசியை ஊதப் போன என்னைத் தடுத்தார்: "ஊதாதப்பா, எச்சி தெறிக்கும்." அப்புறம் தட்டைச் சாய்த்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிகள் வெளிறிப் பளபளக்கும் இடங்களைக் காட்டி, "இங்க எல்லாம் சத்தம்" என்றார். லேபிளை ஒட்டி, கடைசியில் கறுத்து நெருக்கமாக இருந்த ஒரு விரற்கடை இடத்தைத் தொடாமல் காட்டி, "இங்க அடங்கிருவான்" என்றார். அந்தக் குழுவின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. போட்டுப் பார்த்தோம். முதல் பக்கம் சுமார் 23 நிமிடம். ஐந்து பாட்டு அதிரடி, ஆறாவது மெல்லிய கிதாரும் குரலுமாக அடங்கிவிடுகிறது. இரண்டாம் பக்கம் சுமார் 19 நிமிடம், அதுவும் அதேபோல அடங்கித்தான் முடிகிறது.

அது ஏன் தட்டுக்குப் பொருந்துகிறது என்றால், தட்டு ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஒரு நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் வரி முள்ளுக்கு அடியில் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒரு நொடிப் பாட்டு பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பலமான சத்தமும் கூர்மையான 'ஸ்' ஒலியும் அங்கேதான் சிதறும். இந்த ஆல்பத்தில் இரண்டு பக்கமும் மெதுவான பாட்டில் முடிவதால் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

போனில் பன்னிரண்டு பாட்டும் ஒரே நீளக் கோடு. முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வேறெதற்கோ போய்விடுகிறோம். தட்டில் ஆறு பாட்டு முடிந்ததும் எழுந்து திருப்ப வேண்டும். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு இந்த ஆல்பத்திலேயே மிக வேகமானது, மிகக் குட்டையானது. அமைதியாக முடிந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டவுடன் அது முகத்தில் அடிக்கும். இருபது வருஷம் கேசட்டிலும் சிடியிலும் போனிலும் கேட்ட எனக்கு, அந்த இடம் அப்படி உறைத்தது தட்டில்தான்.

மறைத்து வைத்த பாட்டு தட்டில் இருக்கிறதா?

சிடியில் கடைசிப் பாட்டு முடிந்து பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் ஓடி, அப்புறம் திடீரென்று ஒரு பாட்டு வெடிக்கும். முதலில் அச்சான சிடிகளில் அது தவறுதலாக விடுபட்டே போயிற்று. 1991ன் தட்டிலும் அது கிடையாது. இப்போது அந்தப் பாட்டைத்தான் கூட வரும் சின்னத் தட்டின் ஒரு பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள், மறுபக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு. சின்னத் தட்டைப் போடும்போது வேகத்தை லேபிளில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பழைய பிளேயர் இருக்கிறது. அதில் போடலாமா?

சாவி கொடுக்கும் கிராமஃபோன் என்றால் கண்டிப்பாகக் கூடாது. அது அரக்கில் செய்த 78 வேகத் தட்டுக்கானது. எஃகு முள்ளும் நூறு கிராமுக்கு மேல் கனமும் வரியை உழுதுவிடும். எழுபது, எண்பதுகளின் மின்சாரப் பெட்டி பிளேயர் என்றால், முள்ளை மாற்றி, கனத்தைச் சரிபார்த்த பிறகு போடலாம். முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ்களில் இன்றைய நல்லவை 2 கிராம் சுற்றி அழுத்தினால் போதும். இப்போது கடையில் சூட்கேஸ் வடிவத்தில் மலிவாக வருகிறதே, அவற்றில் பல 5 கிராம் வரை அழுத்துகின்றன. நல்ல தட்டை அதில் போட மனசு வராது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் டர்ன்டேபிள் கொண்டு வருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

அடாப்டரில் ஓடும் புது மாடல் என்றால் தாராளமாக. பழைய மாடல் என்றால் யோசியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். கோபேன் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நண்பர் வீட்டில் அப்படியே கேட்டு, இதுதான் அந்தப் பாட்டின் பாணி என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருகிறது.

டர்ன்டேபிளிலிருந்து வரும் எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் கட்டுங்கள். பழைய வீடு என்றால் பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். சத்தம் மிக மெலிதாக, பாஸே இல்லாமல் வந்தால் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லை என்று அர்த்தம். தட்டு வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்தும் கீச்சொலியைக் கூட்டியும் வெட்டுவார்கள், அதைத் திரும்ப நேராக்குவது அந்தக் கருவிதான்.

பஸ் போனால் முள் குதிக்கிறது.

மர மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் பதித்த கடப்பைக்கல் ஷெல்ஃபில் வையுங்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் அது ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பீக்கரை அதே கல்லின்மேல் வைக்காதீர்கள். என் வீட்டில் அன்றைக்குப் போன குதிப்பு திரும்பி வரவில்லை.

மதுரை வெயிலுக்குத் தட்டு தாங்குமா?

வீட்டுக்குள் தாங்கும். பிவிசி 60 டிகிரி சுற்றி இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டிவிடும். கூரியரில் வாங்கிக்கொண்டு, "அப்படியே ஜிகர்தண்டா குடிச்சிட்டுப் போவோம்" என்று கீழவாசலில் காரை நிறுத்தினால் போச்சு. தகரக் கூரை போட்ட மாடி அறையிலும் வேண்டாம். தட்டுகளை எப்போதும் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும்.

எப்படிக் கழுவுவது?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வரிக்குள் வெள்ளையாகப் படியும், அப்புறம் எத்தனை தடவை துடைத்தாலும் பொரிகிற சத்தம் போகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரி போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் நிறுத்தி வையுங்கள். காகித உள்ளுறையை மாற்றி பிளாஸ்டிக் உள்ளுறை போட்டால் தூசி குறையும்.

எங்கே வாங்குவது?

வெளிநாட்டு ராக் தட்டுக்கு ஆன்லைன்தான் வழி. வெளிநாட்டுக் கடையில் நேராக வாங்கினால் அனுப்பும் செலவோடு சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் இது கிடைக்காது. அங்கே போனால் பழைய தமிழ்ப் படத் தட்டு கண்ணில் படலாம், அதற்காகப் போகலாம்.

எனக்கு வந்த முதல் பிரதி வளைந்திருந்தது. முள் படகுபோல ஏறி இறங்கியது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்ததால், விற்றவர்கள் மூன்று வாரம் இழுத்தடித்தாலும் மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களும் வீடியோ எடுங்கள். அட்டை மூலை மடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தட்டு வளைந்திருந்தால் விடாதீர்கள். தட்டைச் சுழலவிட்டு, குனிந்து, முள்ளின் உயரத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் தடவை எப்படிக் கேட்பது?

போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். முதல் பக்கத்தைச் சத்தமாகவே வைத்துக் கேளுங்கள், இரவு எட்டு மணிக்கு முன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது பாட்டு முடியும்போது எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துங்கள். கடைசிப் பாட்டை கோபேன் ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டு அறையில் சோஃபாவில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவு மெதுவாகப் பாடினார். அந்தக் கிதாரையும் குரலையும் முதலில் பதிவு செய்துகொண்டு, டிரம்ஸை அதற்குப் பிறகுதான் சேர்த்தார்கள். க்ரோல் தன் கையை அடக்கி அடக்கி வாசித்திருப்பது கேட்கும். செல்லோ ஒன்று உள்ளே வருவதும் கேட்கும். மின்விசிறி ஓடினால் இது எதுவும் கேட்காது. நாலு நிமிடத்துக்கும் குறைவு, வேர்த்தால் வேர்க்கட்டும்.

பாட்டு முடிந்து, முள் கடைசி வளையத்தில் 'டிக்... டிக்...' என்று சுற்ற ஆரம்பித்ததும் முள் மாட்டிய கையைத் தூக்கி வைத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள்.